அவருக்கு அறுபது, எனக்கு எத்தனை?

எங்கள் மாயவரத்திலிருந்து திருக்கடையூர் முக்கால் மணி நேர பஸ் பயணம்தான். முகூர்த்த நாளென்றால் பஸ் ஸ்டாண்டே பட்டுப்புடவையாக இருக்கும். அபிராமி சந்நிதியில் அறுபது, எழுபது, எண்பது என்று தம்பதிகள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். கலசத்துத் தண்ணீரைத் தலையில் ஊற்றுவதும், பேரன் பேத்திகள் சுற்றி நின்று சிரிக்க மறுபடி தாலி கட்டுவதும் எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காது.

தமிழ் வருஷங்கள் 60. பிறந்த வருஷத்தின் பெயர் ஒரு சுற்று சுற்றித் திரும்பி வருவதுதான் அறுபதாம் கல்யாணம். 80 வயதும் 10 மாதமும் ஆனால் ஆயிரம் பிறை கண்டவர் என்று சதாபிஷேகம். எல்லாம் அழகுதான். ஆனால் யாருடைய வயது? அவருடையது! பக்கத்தில் மாலையோடு உட்கார்ந்திருக்கும் அம்மாளுக்கு ஐம்பத்திரண்டா, ஐம்பத்தெட்டா? யாரும் கேட்பதில்லை. பெண் வயசுக்கு வந்தால் ஒரு விசேஷம், வளைகாப்பு ஒரு விசேஷம். அப்புறம் அவள் கணக்கு நின்றுபோய் அவர் கணக்குத்தான் ஓடுகிறது.

"இதெல்லாம் ஒரு குறையா?" என்பீர்கள். எங்கள் வீட்டில் நடந்ததைக் கேளுங்கள்.

மாமாவுக்கு 2005-ல் அறுபது நடந்தது. நான்கு வருஷம் கழித்து, தூரம் நின்று பல வருஷமான அத்தைக்கு மறுபடி உதிரம் பட்டது. வெறும் சூடு என்று வெந்தயத்தை ஊறவைத்துக் குடித்துக்கொண்டு, இரண்டு மாதம் வாயே திறக்கவில்லை. கொல்லையில் துணி உலர்த்தும்போது என் கண்ணில் பட்டது. "ஒண்ணுமில்லம்மா, நீ போய் வேலையைப் பாரு" என்றவரை விடாப்பிடியாக அழைத்துப் போனேன். டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி: "வயசு என்ன? நின்னு எத்தனை வருஷம் ஆச்சு?" அத்தை விரலை மடக்கினார். "அவங்களுக்கு இப்ப அறுபத்தி நாலு... என்னைவிட ஏழோ எட்டோ மூத்தவங்க..." தன் வயதைச் சொல்ல மாமாவின் வயதிலிருந்து கழிக்க வேண்டியிருந்தது! டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார். கர்ப்பப்பையை எடுக்க வேண்டி வந்தது. நல்ல வேளையாக முற்றுவதற்குள் கண்டுபிடித்தார்கள். இன்றைக்கும் தீபாவளிக்கு அத்தைதான் கையால் முறுக்கு சுற்றுகிறார்.

உடம்பு தேறியதும் அத்தையின் பிறந்த நாளைத் தேட உட்கார்ந்தோம். பள்ளிக்கூடம் போனதில்லை. ஜாதகம் கிடையாது. ரேஷன் கார்டில் ஒரு வயசு, ஓட்டு அட்டையில் வேறொன்று. அத்தைக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. நாகப்பட்டினம் புயலில் வீட்டுக் கூரை பறந்தபோது அவர் இருபது நாள் குழந்தையாம். அவருடைய அம்மா பிள்ளையை மடியில் கட்டிக்கொண்டு நெல் குதிரின் பின்னால் விடிய விடிய உட்கார்ந்திருந்தாராம். அந்தப் புயல் 1952 நவம்பர் 30. இருபது நாளைக் கழியுங்கள், ஐப்பசி மாதம், நந்தன வருஷம். கிடைத்துவிட்டதே!

2012-ல் நந்தன வருஷம் திரும்பி வந்தது. ஐப்பசியில் ஒருநாள் அத்தையை மனையில் உட்கார வைத்து, புதுப்புடவை கொடுத்து, பாயசம் வைத்தோம். "இவளுக்கா அறுபது?" என்று மாமாவே அதிசயப்பட்டு அட்சதை போட்டார். அத்தை ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் புடவையின் கரையைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, பால் பொங்குதா பாரு என்று எழுந்து போய்விட்டார்.

சகோதரிகளே, உங்கள் கணக்கை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் 45 வயதிலிருந்து 55-க்குள் தூரம் நிற்கும். தொடர்ந்து பன்னிரண்டு மாதம் வராவிட்டால்தான் நின்றதாக அர்த்தம். அதற்குப் பிறகு ஒரு சொட்டு பட்டாலும் டாக்டரிடம் போய்விட வேண்டும், கைவைத்தியம் கூடாது. எல்லாம் புற்றாக இருக்காது. ஆனால் அதைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் டாக்டர். கடைசியாக வந்த தேதியைத் தினசரிக் காலண்டரில் எழுதினால் கிழித்துப் போட்டுவிடுவோம். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் 30 வயது ஆனவர்களுக்கு சர்க்கரை, ரத்த அழுத்தம், மார்பகம், கருப்பை வாய்ப் பரிசோதனைகளைக் காசில்லாமல் செய்கிறார்கள்.

"நாற்பது வயதில் நாய்க்குணம்" என்று ஒரு பழமொழி உண்டல்லவா? அதைச் சொன்னவர், நடுராத்திரி இரண்டு மணிக்கு ஜாக்கெட் நனைய வியர்த்து எழுந்து உட்கார்ந்தவராக இருக்க முடியாது. உடம்பு படுத்துகிற பாடு அது. சுள்ளென்று விழுகிறோம் என்றால் நாலு நாளாகத் தூக்கமில்லை என்று பொருள்.

எனக்கு வருகிற ஐப்பசியில் ஐம்பது நிறைகிறது. பிறந்தது 1976, நள வருஷம். பக்கத்து வீட்டுப் பெண், "ஐயோ அக்கா, வெளியில சொல்லாதீங்க, பார்த்தா தெரியலை" என்கிறாள். ஏன் சொல்லக்கூடாது? ஐம்பது வருஷத்தையும் திருடியா சேர்த்தேன்? ஊசியில் நூல் கோக்கக் கண்ணாடி வேண்டியிருக்கிறது, மாடிப்படி ஏறினால் முழங்கால் பேசுகிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முப்பதில் யாராவது ஒரு சொல் சொன்னால் மூன்று நாள் அழுவேன். இப்போது அடுத்த உலை கொதிப்பதற்குள் மறந்துவிடுகிறது.

அன்று காலையில் நானும் என் ஓரகத்தியும் பரிசோதனைக்குப் போவதாக இருக்கிறோம். "பிறந்த நாளும் அதுவுமா ஆஸ்பத்திரியா?" என்று முகம் சுளித்தார் எங்கள் வீட்டுக்காரர். "உங்களுக்கு அறுபது வர இன்னும் அஞ்சு வருஷம் இருக்குங்க, அதுவரைக்கும் நான் நல்லா இருக்க வேண்டாமா?" என்றேன். மகள் கேக் வாங்குகிறாளாம். மெழுகுவர்த்தியை ஊதி அணைப்பது மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதே மாதம் 74 நிறைகிற அத்தை கூடத்திலிருந்து குரல் கொடுத்தார்:

"முட்டை போடாததா வாங்கச் சொல்லும்மா. எனக்கும் ஒரு துண்டு வேணும்."