பெருநாளுக்குக் கொடுக்கும் விளையாட்டுச் சாமான்



நோன்பின் கடைசிப் பத்து நெருங்கும்போது நம் ஊர் வாட்ஸ்அப் குழுமங்களில் ஒரு வேண்டுகோள் சுற்றும். பாவித்த விளையாட்டுச் சாமான்கள் இருந்தால் தாருங்கள், இல்லாத பிள்ளைகளுக்குப் பெருநாளைக்குக் கொடுப்போம் என்று. நல்ல வேலை, அல்லாஹ் பொருந்திக்கொள்ளட்டும். ஆனால் எதைக் கொடுக்கிறோம், எப்படிக் கொடுக்கிறோம் என்பதையும் கொஞ்சம் பேசுவோம்.

வாங்கும் கையின் கூச்சம் புத்தளத்துக்குப் புதிதல்ல. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது 70,000க்கும் மேற்பட்டோர் வீடுவாசலை விட்டு வந்தார்கள். யாழ்ப்பாணத்தாருக்குக் கிடைத்தது இரண்டு மணி நேரம். மன்னார்த் தீவிலிருந்து பலர் கடல் வழியாக வந்து கல்பிட்டியில் கரையேறினார்கள். அந்த அவசரத்தில் பிள்ளையின் பொம்மையை யார் எடுப்பார்? புத்தளத்து மக்கள் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் திறந்துவிட்டு, சோறும் உடுப்பும் கொடுத்தார்கள். பிறகு கொடுத்தவர் பிள்ளையும் வாங்கியவர் பிள்ளையும் ஒரே வாங்கில் இருந்து படித்தார்கள். அந்தத் தலைமுறைதான் நாம்.

நாமே கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்குவோம் என்கிற தரத்தில் உள்ளதைத் தர்மத்துக்கு ஒதுக்க வேண்டாம் என்று சூரா அல்பகரா (2:267) நம்மைத் தடுக்கிறது. சில்லுக் கழன்ற கார், காய் குறைந்த கரம் போர்ட், பாதித் துண்டு தொலைந்த படப்புதிர் எல்லாம் தர்மம் அல்ல, வீடு கூட்டிய குப்பை. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்த உடுப்புகளில் உடுக்கவே முடியாதவை எத்தனை குவிந்து கிடந்தன! கொடுத்தவர் வீடு சுத்தமானது, வாங்கியவர் இடம் நிறைந்தது.

நல்லதாகத் தெரிந்தெடுத்து, சவர்க்காரம் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்துக் கொடுப்போம். பெட்டரி மூடிக்கு ஸ்க்ரூ இருக்கிறதா என்று பார்ப்போம். சிறிய வட்டப் பெட்டரியைப் பிள்ளை விழுங்கினால் உணவுக்குழாயையே எரித்துவிடும். மூன்று வயதுக்குக் குறைந்தவர்களுக்குச் சின்னச் சின்னத் துண்டுகள் உள்ளவை வேண்டாம். நம் பிள்ளையின் சாமானை அதனிடம் கேட்டே எடுப்போம். ஒளித்து எடுத்தால் அது பிள்ளைக்குக் கொடுக்கப் பழக்குவதாகாது.

ஆசிரியர்களாக எங்கள் பெரிய கவலை வேறு. கொடுக்கும் பிள்ளையும் வாங்கும் பிள்ளையும் இன்றும் ஒரே வகுப்பில்தான் இருக்கிறார்கள். "இது என்ட கார்" என்று ஒருவன் சொன்னால் போதும், மற்றவன் அடுத்த நாள் பாடசாலைக்கு வரமாட்டான். அதனால் சேர்ந்ததை ஊர் மாற்றிக் கொடுப்போம். புத்தளம் நகரில் சேர்ந்தது நுரைச்சோலை, கல்பிட்டிப் பக்கம் போகட்டும். அங்கே சேர்ந்தது மதுரங்குளிப் பக்கம் வரட்டும்.

படம் எடுத்துப் போடவே வேண்டாம். நாம் போடும் படம் பத்து வருடம் கழித்தும் அந்தப் பிள்ளையைத் தேடி வரும்.

பித்ராவைப் பெருநாள் தொழுகைக்கு முன்பே சேர்ப்பிக்கிறோம் அல்லவா? இதையும் அப்படியே முன்கூட்டி, சத்தமில்லாமல், உம்மா வாப்பாவின் கையில் சேர்த்துவிடுவோம். பள்ளிவாசல் நிர்வாகங்கள் மனம் வைத்தால் இம்முறையே செய்யலாம்.

பெருநாள் காலையில் அந்தப் பிள்ளை, "இது என்ட வாப்பா தந்தது" என்று சொல்லட்டும். நமக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?