திறவாத கோப்பும் தீராத பழியும்



“கோப்பு கெட்டுவிட்டது!”

நம் விடுதியில் அடிக்கடி காதில் விழும் தீர்ப்பு இது. வழக்கை விசாரிக்கு முன்பே வழங்கப்படும் தீர்ப்பு. நானும் இதை வழங்கியவன்தான்; வழங்கியதோடு நில்லாமல், உண்மையிலேயே ஒரு கோப்பைக் கெடுத்தவனுங்கூட. இதைப் பற்றிப் பேச எனக்குள்ள தகுதி அது ஒன்றே.

என் ஊர் தென் அந்தமானிலுள்ள சௌல்தாரி. எங்கள் குடும்பம் அங்கே வந்து சேர்ந்த கதை சற்று நீண்டது. 1964-ஆம் ஆண்டு இந்திய இலங்கை உடன்படிக்கையின்படி மலையகத்திலிருந்து திரும்பிய தமிழர்களில் ஒரு பகுதியினர் நிக்கோபார் தீவுகளில் ஒன்றான கச்சாலில், ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டனர். என் அப்பாயி அவர்களுள் ஒருவர். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் கடல் பொங்கிக் கச்சாலைச் சூறையாடியது. பிழைத்தவர்களோடு எங்கள் வீட்டாரும் கரையேறினர். பின்னர் சௌல்தாரியில் தங்கிவிட்டனர்.

இக்கதையைச் சித்தப்பா இரண்டு கோப்புகளாக எழுதி வைத்திருந்தார். கடல்கோள் பற்றியது 2005-இல் ஓர் அச்சகத்தில் தட்டச்சிட்டது. அப்பாயி தம் வாயாலேயே சொன்ன மலையக வாழ்வும் கப்பற் பயணமும் 2016-இல் அவர் தாமே தட்டியது. அப்பாயி 2018-இல் மறைந்தார். சென்ற ஆண்டு விடுமுறையில் சித்தப்பா இரண்டையும் ஒரு பென் டிரைவில் போட்டு என்னிடம் தந்து, “நீ படிச்ச பிள்ளை. இதை நாலு பேர் பார்க்கிற மாதிரி இணையத்தில் போடுடா” என்றார்.

வலைப்பக்கம் அமைக்கும் மென்பொருளில் முதற் கோப்பைத் திறந்தேன். தமிழைக் காணோம்! ‘தமிழ்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில ஜே, கே, பி, ஓ, அதன் பின் ஓர் அரைப்புள்ளி. பக்கம் முழுவதும் இதே கோலம். “கெட்டுவிட்டது” என்று ஒதுக்கினேன். இரண்டாவது கோப்போ அழகிய தமிழில் விரிந்தது. மகிழ்ந்து போய், வேறோர் எளிய எழுத்துச் செயலியில் இட்டு இரண்டு பிழைகளைத் திருத்திச் சேமித்தேன். ஏதோ ஓர் எச்சரிக்கை வந்தது. படிக்காமல் ‘சரி’ என்றேன். மறுநாள் திறந்தால் எழுத்து ஒவ்வொன்றும் கேள்விக்குறி! சித்தப்பாவின் கணிப்பொறி பழுதாகி ஆண்டுகள் பல. வேறு படி இல்லை.

கெட்டது என்று நான் ஒதுக்கிய கோப்பில் ஓர் எழுத்துக்கூடக் குறையவில்லை. நன்றாயிருந்த கோப்பை நானே அழித்தேன். ஏன் இப்படி?

கணிப்பொறிக்கு எழுத்துத் தெரியாது, எண்தான் தெரியும். எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று சொல்லும் அட்டவணையே குறியீட்டு முறை. பழைய முறையில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட். ஆகவே 256 இடங்களே உண்டு. அவற்றில் ஆங்கிலம் முன்பே குடியேறிவிட்டது. நம்மவர் என்ன செய்தனர்? ஆங்கில எழுத்தின் எண்ணுக்குத் தமிழ் வடிவத்தை வரைந்து எழுத்துரு செய்தனர். பாமினி அவ்வகையைச் சேர்ந்தது. அந்த எழுத்துரு இருக்கும் பொறியில் தமிழ். இல்லாத பொறியில் ஜே, கே, பி! கோப்பில் குற்றமில்லை, அதற்குப் போர்த்த வேண்டிய உடைதான் இல்லை. பாமினியிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அப்படியொன்றில் இட்டபோது, கச்சால் கடற்கரை ஒரு நொடியில் தமிழில் மீண்டது.

இரண்டாம் நோய் வேறு. தலையில் சாய்கோடு தாங்கிய சிறிய ‘ஏ’ எழுத்தும், வட்டத்துக்குள் ‘ஆர்’ எழுத்தும் அடுத்தடுத்து வருவதைக் கண்டிருப்பீர்கள். அது ஒருங்குறித் தமிழ், யூ.டி.எஃப்-8 முறையில் எழுதியதை மேனாட்டு அட்டவணை கொண்டு படிப்பதால் வரும் விபரீதம். அம்முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். மூன்றும் மூன்று தனி எழுத்துகளாகச் சிதறுகின்றன. ட்ரீம்வீவர் போன்ற மென்பொருளில் பக்கப் பண்புகளுக்குச் சென்று, குறியீட்டு முறையை யூ.டி.எஃப்-8 என மாற்றி மறுபடி ஏற்றினால் தமிழ் திரும்பும். பக்கத்தின் முதல் 1024 பைட்டுகளுக்குள் அம்முறையின் பெயரை அறிவித்தும் விடவேண்டும். கட்டங் கட்டமாகத் தெரிந்தாலோ, பெரும்பாலும் எழுத்துரு ஒன்றை நிறுவினாலே போதும்.

மூன்றாவதே கொல்லும் நோய். தமிழுக்கு இடமே இல்லாத அட்டவணையில் தமிழைச் சேமித்தால், பொறி ஒவ்வொரு எழுத்துக்கும் 63 என்ற ஒரே எண்ணை எழுதிவிடும். அதுதான் கேள்விக்குறி. அப்பாயி 63, கப்பல் 63, கடல் 63! இதை மீட்க எந்தக் கருவியும் இல்லை. ஆகையால் தோழர்களே, கோப்பு கோணலாகத் தெரியும்போது ஆயிரம் முறை திறந்து பாருங்கள், ஒருமுறையும் சேமிக்காதீர்கள். முதலில் படி எடுங்கள். பிறகு மருத்துவம் பாருங்கள்.

இந்தக் குழப்பம் நம் சோம்பலால் மட்டும் வந்ததன்று. ஒருங்குறியில் தமிழுக்கு 1991-இலேயே இடம் கிடைத்தது. ஆயினும் அது பொறிகளில் வேரூன்ற ஆண்டுகள் பல ஆயின. அதற்கிடையில் ஆளுக்கோர் எழுத்துரு, நிறுவனத்துக்கோர் அட்டவணை என்று பெருகியது. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய ‘தமிழ்இணையம் 99’ மாநாட்டில் டேம், டேப் என்னும் பொதுத்தரங்கள் முன்வைக்கப்பட்டன. உலகெங்குமுள்ள ஆர்வலர் டிஸ்கி என்னும் முறையை வளர்த்தனர். 2010-இல் தமிழக அரசு ஒருங்குறியையும், அதனோடு டேஸ்-16 முறையையும் ஏற்றது. உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி இடம் வேண்டும் என்பாரின் வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் இன்று நம் கைப்பேசி முதல் கணிப்பொறி வரை எல்லாம் படிப்பது ஒருங்குறியைத்தான். அறிஞர் வாதிடட்டும், நம் கோப்புகள் அதுவரை காத்திரா.

எங்கள் தீவுகளுக்கு 2020 ஆகஸ்டு 10-இல் சென்னையிலிருந்து கடலடிக் கம்பி வந்தது. ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர். முன்பு செயற்கைக்கோளை நம்பி மணிக்கணக்கில் காத்திருந்தோம்; இன்று கோப்பு விரைந்து வருகிறது. வந்து என்ன? கம்பி எண்களைத்தான் கொண்டுவரும்; எழுத்தை நாம்தாம் காக்க வேண்டும்.

ஆதலின் மன்றத்தாருக்கு மூன்று கோரிக்கைகள். மன்ற அலமாரியில் உறங்கும் பழைய மலர்களின் குறுந்தகடுகளை இவ்வாண்டே படி எடுத்து ஒருங்குறிக்கு மாற்றுவோம். மாற்றிய பின்னும் மூலத்தை எறியாமல், அதன் எழுத்துருவின் பெயரை உறைமேல் எழுதி வைப்போம். இனி வரும் மலருக்குக் கட்டுரைகளை ஒருங்குறியில் மட்டுமே பெறுவோம். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தார், டிஸ்கியில் சேர்த்த நூல்களைத் தன்னார்வ உழைப்பால் ஒருங்குறிக்குக் கொண்டுவந்து காட்டியிருக்கிறார்கள். அவர்களால் இயன்றது நம்மால் இயலாதா?

செய்தியைச் சொன்னபோது சித்தப்பா என்னைக் கடிந்து கொள்ளவில்லை. “அப்பாயி சொன்னதில் எனக்கு நினைவிருக்கிறதைச் சொல்றேன், எழுதிக்கோ” என்றார். எழுதினேன், நான்கு பக்கம் தேறிற்று. முன்பிருந்தவை பதினொன்று.

பழைய கோப்பு வைத்திருப்போர் ஞாயிறு மாலை மன்ற அறைக்குக் கொண்டு வாருங்கள், உடனிருந்து பார்ப்போம். வருமுன் திறந்து பார்த்தாலும் பாருங்கள். சேமிக்க மட்டும் வேண்டாம்!