குழந்தைகளின் முழங்கை முறிவும் சங்கத்தின் அவசர உதவி நிதியும்: செயற்குழுவின் நிலைப்பாடு

வடக்குப்பட்டு, ஒரகடம் சுற்றுவட்டார உறுப்பினர்களுக்கு,

  எலும்பு முறிவுக்குப் புத்தூர் கட்டுப் போடப் போகும் குடும்பத்துக்கும் சங்க வண்டியும் அவசர உதவிப் பணமும் உண்டா என்பதே சென்ற பொதுக்குழுவில் எழுந்த கேள்வி. செயற்குழுவின் முடிவு இது: குழந்தைக்கு முழங்கையில் அடிபட்டால், எக்ஸ்ரே எடுத்து எலும்பு டாக்டர் பார்க்கும்வரை எந்தக் கட்டுக்கும் வண்டியும் இல்லை, பணமும் இல்லை. பெரியவர்களின் முறிவுகள் பற்றி இப்போதைக்கு முடிவெடுக்கவில்லை.

கட்டுவைத்தியத்தை ஒட்டுமொத்தமாகப் பழிப்பது எங்கள் நோக்கமல்ல. மூங்கில் பத்தையும் முட்டை வெள்ளைக்கருவும் வைத்துக் கட்டிக் கைகால் சேர்ந்தவர்கள் இந்தக் குழுவிலேயே இருக்கிறார்கள். ஆனால் குழந்தையின் முழங்கை வேறு. ஐந்து முதல் ஏழு வயதுப் பிள்ளை ஊஞ்சலிலிருந்தோ மாடிப்படியிலிருந்தோ கையை ஊன்றி விழும்போது, மூட்டுக்குச் சற்று மேலே, எலும்பு மெலிந்திருக்கும் இடத்தில் முறிகிறது. கைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய் அதற்கு நேர் முன்னால் ஓடுகிறது, கூடவே நரம்புகள். முறிந்த முனை குழாயை அழுத்தும்; வீக்கம் மேலும் நெருக்கும். அதன்மேல் சுற்றி இறுக்கினால், வீங்க இடமில்லாத சதை ரத்தமில்லாமல் சாகிறது. அதற்கு ஆறு மணி நேரம் போதும். பிறகு விரல்கள் உள்ளே மடங்கி நிற்கும். பென்சில் பிடிக்காது, சட்டைப் பொத்தான் போடாது. இறுக்கமான கட்டால் இது வருகிறது என்று ஜெர்மன் மருத்துவர் ஃபோல்க்மன் எழுதியது 1881இல். ஆஸ்பத்திரியில் போட்ட மாவுக்கட்டு இறுகினாலும் இதே கதிதான், அதையும் மறைக்கவில்லை.

ராத்திரி முழுக்க அலறும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்த தாயிடம் "எலும்பு சேருது, வலி இருக்கத்தான் செய்யும்" என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறவர்களை மன்னிக்க இந்தக் குழு தயாராக இல்லை. இந்த வாக்கியத்தை மென்மையாக்கச் சிலர் கேட்டார்கள். பெரும்பான்மையினர் ஒப்பவில்லை.

விரலை லேசாக நீட்டினாலே குழந்தை துடித்தால், விரல் வெளுத்தால், சில்லிட்டால், மரத்துப்போனால், யார் போட்ட கட்டாக இருந்தாலும் அந்த நிமிடமே தளர்த்துங்கள். தளர்த்திவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

எல்லா முறிவுக்கும் ஆபரேஷன் தேவையில்லை. நகராத எலும்புக்கு மூன்று வார மாவுக்கட்டு போதும். ஓரளவு சாய்ந்ததைப் பற்றி டாக்டர்களுக்குள்ளேயே இரு கருத்து உண்டு. அதில் நாங்கள் தலையிடவில்லை. முழுவதும் விலகியதை மயக்க மருந்து கொடுத்து, எக்ஸ்ரே திரையில் பார்த்தபடியே இழுத்துப் பொருத்தி, தோல் வழியாக இரண்டு மூன்று மெல்லிய கம்பிகளைச் செருகுகிறார்கள். பெரும்பாலும் கிழித்துத் திறப்பதில்லை. மூன்று நான்கு வாரத்தில் கம்பியை ஓபியிலேயே உருவிவிடுவார்கள். ரத்த ஓட்டம் சரியாக இருந்தால் காலைவரை காத்திருக்கலாம் என்று டாக்டர் சொல்லக்கூடும். அதைச் சொல்ல நாடி பார்த்த டாக்டர் ஒருவர் வேண்டும்.

பெற்றோரைக் குறை சொல்ல மாட்டோம். கட்டு அரை நாளில் முடிகிறது; ஆஸ்பத்திரி என்றால் மூன்று ஷிப்ட் போகும். ஒப்பந்தத் தொழிலாளிக்கு அந்த மூன்று ஷிப்ட் வாடகைப் பணம். மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்குபவருக்கு, ஒப்பந்த வேலையானாலும், இஎஸ்ஐ உண்டு, பிள்ளைக்கும் உண்டு. பிடித்தம் மட்டும் செய்துவிட்டுக் கார்டைக் கண்ணில் காட்டாத ஒப்பந்தக்காரர்களைத் தொழிலாளர் துறை இயன்றவரை விரைவாக விசாரிக்க வேண்டும். 2021இல் வந்த 'இன்னுயிர் காப்போம்' திட்டம் சாலை விபத்துக்கு மட்டும், ஊஞ்சலிலிருந்து விழுந்த பிள்ளைக்கு இல்லை. அதை விரிவாக்கக் கோருகிறோம்.

இத்தனை ஆலைகள் இரவும் பகலும் ஓடும் பகுதியில், இரவில் கை முறிந்த குழந்தையைச் செங்கல்பட்டுக்கோ சென்னைக்கோ தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்கிறது. இங்கேயே அரசு செலவில் இரவு நேர எலும்பு டாக்டரும் மயக்க மருந்து டாக்டரும் வேண்டும். இதில் குழுவில் ஒரு மாற்றுக் குரலும் எழவில்லை.

சங்க வண்டி இனி இரவிலும் கிடைக்கும். வண்டிக் கட்டுப்பாட்டை எதிர்த்த இரண்டு உறுப்பினர்களின் குறிப்பு கூட்டப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டுள்ளது. யாரும் வந்து படிக்கலாம்.

— செயற்குழுவுக்காக