சீகிரியா ஓடுபாதையும் கண்டி வைத்தியசாலையும்

மாத்தளை மாவட்டத்தின் வடபகுதியில், காசியப்ப மன்னனின் கற்கோட்டைக்கு அருகிலேயே விமானப்படைத் தளமும் ஓடுபாதையும் இருப்பதால், அங்கே ஒருவருக்கு உயிராபத்து நேர்ந்தால் வான்வழியே கொண்டுசெல்வது எளிது என்ற எண்ணம் இயல்பாகவே எழுகிறது. விமானப்படையின் 7ஆம் இலக்க ஹெலிகொப்டர் அணி நிலைகொண்டுள்ள ஹிங்குராக்கொட, சீகிரியாவிலிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில்தான் உள்ளது. கண்டி தேசிய வைத்தியசாலை நேர்கோட்டில் 75 கிலோமீட்டர் அளவில் இருக்க, தம்புள்ளை, நாலந்தா, மாத்தளை என்று வளைந்து செல்லும் வீதியில் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகும் அப்பயணத்தை ஹெலிகொப்டர் அரைமணி நேரத்துக்குள் முடித்துவிடும். ஆனால் இது பறக்கும் நேரத்தின் கணக்கு மட்டுமே. அழைப்பு வந்து சேர்வது, பறப்பதா இல்லையா என்று முடிவெடுப்பது, நோயாளியை ஏற்றுவது, இறங்கிய மைதானத்திலிருந்து மறுபடியும் அம்பியூலன்ஸில் வைத்தியசாலை வாசலுக்குக் கொண்டுபோவது ஆகியவற்றில் கரையும் நேரம் பறக்கும் நேரத்தையே விஞ்சிவிடக் கூடும்.

வான்வழி நோயாளர் மீட்பு என்று மருத்துவ உலகம் சொல்வது வெறும் ஏற்றிச் செல்லலை அன்று. தீவிர சிகிச்சையில் பயிற்சி பெற்ற குழுவொன்று நோயாளி இருக்கும் இடத்துக்கே வந்து, மூச்சுப்பாதையைக் காத்து, இரத்தப்போக்கை நிறுத்தி, இரத்த அழுத்தத்தை நிலைப்படுத்தி, அதன் பிறகே அவரை நகர்த்துவதுதான் அதன் சாரம். 1928 மே மாதம் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் குளோன்கறி என்னும் ஊரில் ஜோன் பிளின் தொடங்கிய பறக்கும் மருத்துவர் சேவையிலேயே, நோயாளியை நாடிச் செல்லவேண்டியது மருத்துவம் என்ற கொள்கை வேரூன்றியிருந்தது. இன்று அதே நாட்டின் விக்டோரியா மாநிலத்தில், மூச்சுக்குழாயில் குழல் செலுத்துவது உட்பட மருத்துவர்களுக்கே உரியவையாகக் கருதப்பட்ட பணிகளை, பறக்கும் குழுவிலுள்ள துணை மருத்துவர்கள், அதாவது பாராமெடிக்குகள், தாமே செய்கிறார்கள். நீண்ட பயிற்சியும் கண்டிப்பான மேற்பார்வையும் இல்லாமல் அந்த அதிகாரம் அவர்களுக்கு வாய்க்கவில்லை.

சீகிரியாவுக்கென்று இதைப் பொருத்திப் பார்க்கையில், குன்றின் மேலிருந்து நோயாளியைக் கயிற்றில் தூக்கும் காட்சியே பலர் மனத்தில் முதலில் தோன்றும். ஆனால் அதுவே மிக அரிதாகக் கையாள வேண்டிய வழியாகும். குன்றேறும் வழியிலுள்ள சிங்கப் பாத முற்றத்துக்கு மேலே செங்குத்துப் பாறையில் மலைத்தேனீக் கூடுகள் அடையடையாகத் தொங்குகின்றன. அத்தேனீக்கள் கலைந்து கொட்டும்போது பயணிகள் ஒதுங்குவதற்கென்றே அந்த முற்றத்தில் கம்பிவலைக் கூண்டுகள் வைக்கப்பட்டுள்ளன. ஹெலிகொப்டர் சுழலியின் பேரிரைச்சலும் கீழ்நோக்கி அடிக்கும் காற்றும் அக்கூடுகளைக் கலைத்தால், ஒருவரைக் காப்பாற்றப்போய்ப் பலரை ஆபத்தில் தள்ள நேரிடும். பதினைந்து நூற்றாண்டுகளாகப் பாறையில் ஒட்டிநிற்கும் ஓவியப் பூச்சையும் எண்ணிப் பார்த்தாக வேண்டும்.

தேனீயோ குளவியோ கொட்டிக் கடும் ஒவ்வாமை அதிர்ச்சி ஏற்பட்டால், அதாவது தொண்டை வீங்கி மூச்சு அடைத்து இரத்த அழுத்தம் சரியும் நிலை வந்தால், தொடைத் தசையில் உடனே போடப்படும் அட்ரினலின் ஊசியே உயிரைப் பிடித்து நிறுத்தும். வளர்ந்தவருக்கு அரை மில்லிகிராம் போதும். காலம்தான் போதாது, ஏனெனில் சில நிமிடங்களிலேயே எல்லாம் முடிந்துவிடலாம். ஹிங்குராக்கொடவிலிருந்து எவ்வளவு விரைந்து புறப்பட்டாலும் எந்த வானூர்தியும் அந்த நிமிடங்களுக்குள் வந்து சேராது. எனவே சீகிரியாவின் அவசர மருத்துவத்தில் முதல் செலவு, பாதுகாக்கப்பட்ட அப்பகுதியை நிர்வகிக்கும் மத்திய கலாசார நிதியத்தின் ஊழியர்களுள் சிலருக்கேனும் முறையான பயிற்சியும், சிங்கப் பாத முற்றத்தில் அட்ரினலினும் ஒட்சிசனும், ஒடுங்கிய இரும்புப் படிகளில் இறக்கக்கூடிய தூக்குப்படுக்கையும் தருவதாகவே இருக்க வேண்டும். இவை இல்லாத இடத்தில் ஹெலிகொப்டரைப் பற்றிப் பேசுவது அடித்தளமின்றிக் கூரை வேய்வதற்கு ஒப்பாகும்.

வானூர்தி உண்மையில் பயன்தரும் இடம் இதற்கு அடுத்த கட்டத்தில் உள்ளது. யானை தாக்கியவர், வீதி விபத்தில் தலையில் அடிபட்டவர், பாம்புக்கடியால் மூச்சுத் தசைகள் செயலிழந்தவர் ஆகியோர் தம்புள்ளை வைத்தியசாலையில் நிலைப்படுத்தப்பட்ட பின்னர், நரம்பியல் அறுவைக்கோ அதிதீவிர சிகிச்சைக்கோ பெரிய வைத்தியசாலைக்கு மாற்றப்பட வேண்டிவரும். அத்தகைய மாற்றத்திலும் ஆகாயம் தனக்கேயுரிய தொல்லைகளைத் தருகிறது. உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைவதால் உடலுக்குள் அடைபட்ட காற்று விரிகிறது; 5,000 அடியில் அதன் பருமன் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அதிகரிக்கும். விலா முறிந்து, நுரையீரலுக்கு வெளியே காற்றுத் தேங்கியுள்ள ஒருவருக்கு, தரையில் பொறுக்கக்கூடியதாக இருந்த அந்தத் தேக்கம் வானில் இதயத்தையே நெருக்கலாம் என்பதால், ஏற்றுவதற்கு முன்னரே மார்பில் வடிகுழாய் இட வேண்டும். இரைச்சலில் இதயத்துடிப்புமானி காதில் இருந்தும் பயனில்லை. திரையில் ஓடும் அலைகளையும் நோயாளியின் நெஞ்சு எழுந்து தாழ்வதையும் கண்ணால் பார்த்தே முடிவெடுக்கப் பழகியவரே அங்கு உடனிருக்க வேண்டும்.

அப்படிப்பட்டவர்களை உருவாக்குவதற்கான நாற்றங்கால் இலங்கையிலேயே இருக்கிறது. இந்திய நன்கொடையுடன் 2016 ஜூலையில் மேல், தென் மாகாணங்களில் 88 வண்டிகளோடு தொடங்கப்பட்டு, 2018இல் வடக்கிலும் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் விரிந்த 1990 சுவசெரிய சேவை, காசு கேட்காமல் வாசலுக்கு வரும் அம்பியூலன்ஸ் என்ற நம்பிக்கையைச் சாதாரண மக்களிடம் வளர்த்திருக்கிறது. அதன் அவசர மருத்துவ உதவியாளர்களுள் தேர்ந்த சிலருக்குத் தீவிர சிகிச்சைப் பயிற்சியளித்து, விமானப்படை மருத்துவப் பிரிவோடு இணைத்து, பறக்கும் முடிவை ஒரே மருத்துவரின் பொறுப்பில் வைத்தால், புதிய வானூர்தி வாங்குவதற்கு முன்பே பாதி வேலை முடிந்துவிடும்.

அந்த மருத்துவருக்கு மறுக்கும் அதிகாரமும் விமானிக்குத் தயக்கமின்றித் திரும்பும் உரிமையும் இருந்தாக வேண்டும். ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடிமழை மத்திய மலைநாட்டை மூடும்போது கண்டிக்குப் பறப்பதைவிட வீதியில் ஊர்ந்து செல்வதே பாதுகாப்பானது. பறப்பதன் ஆபத்துக்கு அண்மைச் சான்றுகளும் உண்டு. 2024 ஒக்டோபரில் இந்தியாவின் ரிஷிகேஷ் எய்ம்ஸ் மருத்துவமனையில் தொடங்கப்பட்ட ஹெலிகொப்டர் சேவையின் வானூர்தி, 2025 மே மாதம் நோயாளியை அழைத்துவரக் கேதார்நாத் சென்றபோது தரையிறங்குகையில் வால் உடைந்து விழுந்தது. உள்ளே இருந்தவர்கள் தப்பினர். அதே ஆண்டு நவம்பர் 30ஆம் திகதி டித்வா புயல் நிவாரணத்தில் ஈடுபட்டிருந்த இலங்கை விமானப்படையின் பெல்-212 லுணுவிலவில் வீழ்ந்தபோது அதன் விமானி உயிரிழந்தார்.

மிஞ்சுவது பணம் பற்றிய கேள்வி. பயணக் காப்புறுதி வைத்திருக்கும் வெளிநாட்டுப் பயணிக்கு வானூர்திச் செலவைக் காப்புறுதி நிறுவனம் ஏற்கக்கூடும். இரவில் வயலுக்குக் காவலிருந்து யானையிடம் சிக்கிய, அருகிலுள்ள இனாமலுவை ஊர் விவசாயிக்கு அப்படியொரு துணை கிடையாது. சீகிரியாவின் நுழைவுச்சீட்டு வருமானத்திலிருந்து ஒரு பங்கை இந்தச் சேவைக்கு ஒதுக்கி, காப்புறுதி உள்ளவரிடம் செலவை அறவிட்டு, இல்லாதவரிடம் எதுவும் கேளாமல், காயத்தின் கடுமையை மட்டுமே பார்த்து ஏற்றும் விதியை முதல் நாளிலேயே எழுத்தில் வைத்துவிட வேண்டும்.