இடையில் நிற்கும் மிச்சம்



தாராவியிலுள்ள நம் சபைக் குடும்பம் ஒன்றில், திருநெல்வேலியில் மரித்த தகப்பனாரின் சாட்சி பதிந்த குறுந்தகடு இருந்தது. பேரப்பிள்ளைகளுக்கு அதைக் கேட்பிக்க விரும்பியபோது, வீட்டுக் கணினி தன் டிவிடி டிரைவையே காணவில்லை. "பழைய இரும்புக்குப் போட்டுவிடட்டுமா, பாஸ்டர்?" என்றார் சகோதரர்.

பொறுங்கள் என்றேன். டிரைவின் விளக்கு எரியாவிட்டால், தட்டும் திறவாவிட்டால், அதற்கு மின்சாரம் வராமலிருக்கலாம். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, அதன் பின்புறமுள்ள இரு கேபிள்களையும் கழற்றி அழுத்திப் பொருத்துங்கள். பயாஸ் திரையில் டிரைவின் பெயர் தெரிந்தும் விண்டோஸில் தெரியாவிட்டால், பெரும்பாலும் டிரைவில் பழுதில்லை. தகடு எழுதும் மென்பொருளை நீக்கும்போது, அப்பர்ஃபில்டர்ஸ், லோயர்ஃபில்டர்ஸ் என்னும் பதிவுகள் ரெஜிஸ்ட்ரியில் தங்கிவிடுவதுண்டு. அவை இடையில் நின்று டிரைவை மறைக்கும். விவரமறிந்தவரைக் கொண்டு, ரெஜிஸ்ட்ரியை நகலெடுத்தபின், அவற்றை நீக்கிக் கணினியை மறுபடி தொடங்குங்கள்.

அவ்வீட்டிலும் அதுவே நடந்தது. தாத்தாவின் குரல் அறையை நிரப்பிற்று. எழுதிய தகடுகள் காலப்போக்கில் கெடுமாதலால், அன்றே பென் டிரைவில் நகலெடுக்கச் செய்தேன். உங்கள் தகடுகளையும் அவ்விதமே காத்துக்கொள்ளுங்கள்.

வீடு திரும்புகையில் என் இருதயம் என்னைக் கேட்டது: கர்த்தருடைய சத்தம் கேட்கவில்லையென்று சோர்ந்துபோகிறோமே, அவர் மாறினாரா? மன்னித்துவிட்டேன் என்று சொல்லியும் ஊரிலுள்ள சகோதரன்மேல் வைத்த கசப்பின் மிச்சம் இடையில் நிற்கிறதல்லவா? இன்றிரவு ஜெபிக்குமுன் அவரைத் தொலைபேசியில் அழையுங்கள். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.