157க்கு 1: டொராண்டோவில் உளவியலாளர்கள் எடுத்த முடிவு

அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஆண்டு மாநாடு உலகச் செய்திகளில் இடம்பிடிப்பது அபூர்வம். குழந்தை வளர்ப்பு, நினைவாற்றல், மனச்சோர்வு என ஆய்வுரைகள் வாசிக்கப்படும், விருதுகள் வழங்கப்படும், சில நாள்களில் எல்லோரும் கலைந்து போவார்கள். கனடாவின் டொராண்டோ நகரில் 2015 ஆகஸ்ட் 6 முதல் 9 வரை நடந்த மாநாடு அப்படி முடியவில்லை.

ஆகஸ்ட் 7 வெள்ளிக்கிழமை, சங்கத்தின் பிரதிநிதிகள் அவை கூடியது. தேசியப் பாதுகாப்பு விசாரணைகளை உளவியலாளர்கள் நடத்தக் கூடாது, மேற்பார்வையிடக் கூடாது, அந்த அறையில் உடன் இருக்கவும் கூடாது, வேறு எந்த வகையிலும் உதவக் கூடாது என்பது தீர்மானம். உறுப்பினர்கள் ஒவ்வொருவராகப் பெயர் அழைக்கப்பட்டு வாக்களித்தார்கள். ஆதரவு 157, எதிர்ப்பு 1, நடுநிலை 6. முடிவு அறிவிக்கப்பட்டதும் அரங்கில் இருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ‘முதலில் தீங்கு செய்யாதே’ என்று அச்சிட்ட பனியன்களுடன் வந்திருந்த சிலர் இந்த நாளுக்காகப் பத்து ஆண்டுகளாகப் போராடியவர்கள்.

மனநோயைக் குணப்படுத்தவும் மனித மனத்தை ஆராயவும் படித்தவர்கள், ‘சித்திரவதை அறைக்குள் போகமாட்டோம்’ என்று வாக்கெடுப்பு நடத்தித் தீர்மானிக்க வேண்டிய நிலை ஏன் வந்தது? அந்த அறைக்குள் இருந்தவர்களில் அநேகமாக எல்லோருமே முஸ்லிம்கள் என்பதால், இந்தக் கேள்வியை நாம் சற்று நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

2002 மார்ச் மாதம் பாகிஸ்தானின் ஃபைசலாபாத்தில் அபூ சுபைதா என்பவர் குண்டுக் காயங்களுடன் பிடிபட்டார். அல்காயிதாவின் உச்சத் தலைவர்களில் ஒருவர் என்று அமெரிக்கா அறிவித்தது. தாய்லாந்தில் இருந்த சிஐஏயின் ரகசியச் சிறையில் வைத்து முதலில் அவரை விசாரித்தவர்கள் எஃப்பிஐ அதிகாரிகள். காயத்துக்கு மருந்து போட்டு, பேசிப் பேசியே தகவல்களைப் பெற்றார்கள். பிறகு சிஐஏ தன் ஆட்களை அனுப்பியது. அவர்களோடு வந்தவர் ஜேம்ஸ் மிட்செல் என்ற உளவியலாளர். புரூஸ் ஜெஸ்ஸன் என்ற இன்னொரு உளவியலாளர் பின்னர் சேர்ந்துகொண்டார். இருவரும் அமெரிக்க விமானப் படையில் பணியாற்றியவர்கள். எதிரி நாட்டிடம் பிடிபட்டால் சித்திரவதையை எப்படித் தாங்குவது என்று வீரர்களுக்குப் பயிற்சி அளிக்கும் திட்டத்தில் இருந்தவர்கள். கொரியப் போரில் சீனர்கள் அமெரிக்கக் கைதிகளிடம் கையாண்ட முறைகளை வைத்து உருவான பயிற்சி அது. தாங்கிக்கொள்ளக் கற்றுக்கொடுத்த அதே முறைகளை அப்படியே திருப்பிக் கைதிகள் மீது ஏவலாம் என்று இவர்கள் திட்டம் வகுத்துக் கொடுத்தார்கள்.

அதற்கு இவர்கள் துணைக்கு அழைத்த கோட்பாடு உளவியல் மாணவர்கள் எல்லோரும் முதல் ஆண்டிலேயே படிப்பது. 1967இல் மார்ட்டின் செலிக்மன் நாய்களை வைத்து ஒரு சோதனை செய்தார். தப்ப வழியே இல்லாமல் மின் அதிர்ச்சிக்கு உள்ளான நாய், பிறகு வழி திறந்திருந்தாலும் தப்ப முயலாமல் படுத்துக்கிடந்தது. ‘கற்றுக்கொண்ட கையறுநிலை’ என்று அதற்குப் பெயர். மனச்சோர்வைப் புரிந்துகொள்ள உதவிய ஆய்வு அது. மனிதனையும் அந்த நாயின் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டால் எதையும் மறைக்கமாட்டான் என்பது சிஐஏயின் உளவியலாளர்கள் போட்ட கணக்கு. தம் ஆய்வு இப்படிப் பயன்படுத்தப்பட்டது கண்டு வருந்துவதாக செலிக்மன் பின்னர் கூறினார்.

அபூ சுபைதாவுக்கு நடந்ததை அமெரிக்க செனட்டின் உளவுத்துறைக் குழுவே 2014 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையில் எழுதியிருக்கிறது. 47 நாள் தனிமை. அதன் பிறகு 2002 ஆகஸ்டில் மட்டும் குறைந்தது 83 முறை ‘வாட்டர்போர்டிங்’. அதாவது பலகையில் கட்டிப்போட்டு, முகத்தைத் துணியால் மூடி, மூச்சு முட்டும்வரை நீர் ஊற்றுவது. சவப்பெட்டி அளவுள்ள பெட்டியில் மொத்தம் 266 மணி நேரம். 21 அங்குல அகலமும் இரண்டரை அடி உயரமும் கொண்ட இன்னொரு பெட்டியில் 29 மணி நேரம். அவர் அல்காயிதா உறுப்பினர் என்ற வாதத்தையே அமெரிக்க அரசு பிற்பாடு நீதிமன்றத்தில் கைவிட்டது. இன்றுவரை அவர் மீது குற்றச்சாட்டு எதுவும் பதிவாகவில்லை. விடுதலையும் இல்லை.

விசாரணை அனுபவமோ அல்காயிதா பற்றிய அறிவோ சிறிதும் இல்லாத இந்த இருவரின் நிறுவனத்துக்கு சிஐஏ கொடுத்த தொகை 8 கோடியே 10 லட்சம் டாலர். நம் ரூபாயில் 500 கோடிக்கு மேல்.

இவர்கள் இருவரும் தனி மனிதர்கள், பணத்துக்காக எதையும் செய்யத் துணிந்தவர்கள், அவர்களுக்காக ஒரு சங்கத்தையே குறை சொல்லலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். சங்கத்தின் பங்கு வேறு வகையானது. அதுதான் எனக்கு அதிகம் கவலை தருவதும்.

2005 ஜூன் மாதம் ‘டைம்’ இதழ் ஒரு ஆவணத்தை வெளியிட்டது. குவாண்டனாமோவில் முஹம்மது அல்கஹ்தானி என்ற சவூதி நாட்டவரை 2002 நவம்பர் முதல் விசாரித்த நாள்குறிப்பு அது. தூங்கவிடாமல் தினமும் பல மணி நேரம் விசாரணை, நாய்போல நடந்துகொள்ளவைத்தது, தொழ அனுமதி கேட்டபோது மறுத்தது எல்லாம் நேரம் குறித்து எழுதப்பட்டிருந்தது. ஓரிடத்தில், கைதி ஒரே புள்ளியைப் பார்த்து மனத்தை நிலைநிறுத்திக்கொள்வதைத் தடுக்க, ஒரு மேஜரின் யோசனைப்படி அவரைச் சுழல் நாற்காலியில் உட்காரவைத்ததாகக் குறிப்பு இருக்கிறது. அந்த மேஜர் ஒரு உளவியலாளர், அமெரிக்க உளவியல் சங்கத்தின் உறுப்பினர்.

அதே மாதக் கடைசியில் இந்தச் சங்கம் ஒரு பணிக்குழுவைக் கூட்டியது. தேசியப் பாதுகாப்பு விசாரணைகளில் உளவியலாளர்கள் இருக்கலாமா என்று ஆராய வேண்டிய குழு. வாக்குரிமை உள்ள உறுப்பினர்கள் ஒன்பது பேர். அவர்களில் ஆறு பேர் ராணுவத்தோடோ உளவுத்துறையோடோ தொடர்புடையவர்கள். மூன்றே நாளில் முடிவு தயார்: விசாரணைகள் பாதுகாப்பாகவும் சட்டப்படியும் நெறிமுறைப்படியும் பலன் தரும் வகையிலும் நடக்க உளவியலாளர்கள் அங்கே இருப்பது சரியே. பிரதிநிதிகள் அவையின் வாக்கெடுப்புக்கு விடாமல், அவசரம் என்று சொல்லி நிர்வாகக் குழுவே அதை ஏற்றுக்கொண்டது.

படிக்க எவ்வளவு நல்ல வாசகம்! ஆனால் எது சட்டம் என்பதை அன்று தீர்மானித்தவர்கள் புஷ் அரசின் வழக்கறிஞர்கள். வாட்டர்போர்டிங்கும் சட்டப்படி சரி என்று எழுதிக் கொடுத்தவர்கள் அவர்களே. நெறிமுறைக்கும் சட்டத்துக்கும் மோதல் வந்து தீராவிட்டால் உளவியலாளர் சட்டத்தையோ மேலதிகாரத்தையோ பின்பற்றலாம் என்று சங்கத்தின் நெறிமுறைக் கோவை 2002இலேயே திருத்தப்பட்டிருந்தது. ‘மேலிடத்து உத்தரவு’ என்று நியூரம்பர்க்கில் நாஜிகள் சொன்ன வாதத்துக்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று விமர்சகர்கள் கேட்டார்கள். அந்த விதி 2010இல்தான் மாற்றப்பட்டது.

மற்ற மருத்துவ அமைப்புகள் என்ன செய்தன? 2006இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கமும் அமெரிக்க மருத்துவச் சங்கமும் தங்கள் உறுப்பினர்கள் விசாரணைகளில் நேரடியாகப் பங்கேற்கக் கூடாது என்று அறிவித்தன. பென்டகன் உடனே கொடுத்த பதில், இனி விசாரணைக் குழுக்களுக்கு மனநல மருத்துவர்களுக்குப் பதில் உளவியலாளர்களையே விரும்பி எடுத்துக்கொள்வோம் என்பது. ஒரு கதவு மூடியபோது இன்னொரு கதவு திறந்திருந்தது. அதைத் திறந்து வைத்திருந்தவர்கள் யார் என்பதில் ரகசியம் எதுவும் இல்லை.

எதிர்த்தவர்கள் இல்லாமல் இல்லை. பணிக்குழுவில் இருந்த ஜீன் மரியா அரிகோ என்ற பெண் உளவியலாளர், குழுவின் உள் மின்னஞ்சல்களைப் பின்னர் வெளியுலகுக்குக் கொடுத்தார். அதற்காகச் சங்கத்துக்குள் தனிப்பட்ட முறையில் தாக்கப்பட்டார். 2007 சான் ஃபிரான்சிஸ்கோ மாநாட்டில் குவாண்டனாமோவிலிருந்து விலக வேண்டும் என்ற முன்மொழிவு வந்தது. அங்கே பணியாற்றிய கர்னல் லேரி ஜேம்ஸ் எழுந்து, உளவியலாளர்களை வெளியேற்றினால் கைதிகள் சாவார்கள் என்றார். கைதிகள் சாகாமல் இருக்க உளவியலாளர் காவல் நிற்க வேண்டிய அளவுக்கு ஓர் இடம் கொடியது என்றால், அந்த இடத்தை விட்டு வெளியேறி எதிர்ப்பைக் காட்டுவது ஒன்றே நேர்மை என்று ஒரு பெண் உறுப்பினர் பதில் சொன்னார். வாக்கெடுப்பில் தோற்றது அந்தப் பெண்ணின் தரப்பு. எழுத்தாளர் மேரி பைஃபர், சங்கம் தமக்கு அளித்த தலைவர் விருதைத் திருப்பி அனுப்பினார்.

அடுத்த ஆண்டு அவர்கள் எல்லா உறுப்பினர்களிடமும் நேரடி வாக்கெடுப்பு கேட்டு வாங்கினார்கள். 8,792 பேர் அவர்கள் பக்கம், 6,157 பேர் எதிர்ப்பக்கம். வென்றார்கள். ஆனால் தலைமை அதை நடைமுறைப்படுத்தவில்லை. சுழல் நாற்காலி யோசனை சொன்ன மேஜர் மீது 2007இல் கொடுக்கப்பட்ட புகார் ஆறு ஆண்டுகளுக்கு மேல் தூங்கியது. 2013 முடிவில் நடவடிக்கை ஏதுமின்றிக் கோப்பு மூடப்பட்டது.

இவ்வளவுக்குப் பிறகு சங்கத்தை அசைத்தது சொந்த மனசாட்சி அல்ல, ஒரு பத்திரிகையாளர். நியூயார்க் டைம்ஸின் ஜேம்ஸ் ரைசன் 2014இல் எழுதிய நூலில் சங்க நிர்வாகிகளுக்கும் உளவுத்துறைக்கும் இடையிலான மின்னஞ்சல்கள் வெளியாகின. வேறு வழியில்லாமல் டேவிட் ஹாஃப்மன் என்ற வழக்கறிஞரிடம் விசாரணையை ஒப்படைத்தார்கள். அவருடைய 542 பக்க அறிக்கை 2015 ஜூலையில் வெளியானது. பாதுகாப்புத் துறைக்கு எந்தத் தடையும் வராதபடி நெறிமுறைகளைத் தளர்வாக வைத்திருக்க, சங்க நிர்வாகிகள் அத்துறை அதிகாரிகளோடு கூட்டுச் சேர்ந்து செயல்பட்டார்கள் என்பது அதன் முடிவு. உள்ளே நடப்பது என்ன என்று விசாரிக்காமல் வேண்டுமென்றே கண்ணை மூடிக்கொண்டார்கள் என்றும் சொல்கிறது. நோக்கம் பெரிய சதி எதுவும் இல்லை. உளவியலாளர்களுக்கு அதிக வேலை தரும் நிறுவனங்களில் ஒன்று ராணுவம். அதன் தயவு தேவைப்பட்டது. நெறிமுறைப் பிரிவின் இயக்குநர் பதவி இழந்தார். அவர் தரப்பு அறிக்கையை மறுத்தது. தலைமை நிர்வாகி உள்ளிட்ட மூவர் விலகல் அறிவிக்கப்பட்டது. சங்கம் மன்னிப்பும் கேட்டது.

அதன் பிறகுதான் டொராண்டோ. எதிர்த்து விழுந்த அந்த ஒற்றை வாக்கு யாருடையது என்று ஊகித்திருப்பீர்கள். அதே கர்னல் லேரி ஜேம்ஸ். 2007இல் அவரோடு ஒரு பெரும்பான்மையே இருந்தது. 2015இல் அந்த வரிசையில் அவர் மட்டும் நின்றார். மற்றவர்கள் மாறிவிட்டார்களா, அல்லது அறிக்கைக்குப் பயந்தார்களா? என்னைக் கேட்டால், தம் கருத்தை மாற்றாத அவரைவிட, 2007இல் அப்படியும் 2015இல் இப்படியும் வாக்களித்தவர்கள்தான் விளக்கம் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

தீர்மானத்தின் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். ஒபாமா அரசு நடத்திய, வன்முறை இல்லாதவை என்று சொல்லப்பட்ட விசாரணைகளும் இந்தத் தடைக்குள் வந்தன. இது உண்மையான முன்னேற்றம். கொடுமை என்றால் என்ன என்பதை அமெரிக்க அரசின் விளக்கத்தால் அளக்காமல் ஐ.நா. உடன்படிக்கையால் அளப்பதாகவும் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் உள்நாட்டுக் காவல்துறை விசாரணைகளுக்கு இது பொருந்தாது. மீறுபவரைச் சங்கம் அதிகபட்சம் உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கலாம், அவ்வளவுதான். தொழில் உரிமம் மாநில வாரியங்களின் கையில் இருக்கிறது. ஜெஸ்ஸன் இந்தச் சங்கத்தின் உறுப்பினராகவே இருந்ததில்லை. மிட்செலோ எப்போதோ விலகிவிட்டார். எனவே, திட்டத்தை வகுத்த இருவரையும் இந்தத் தீர்மானம் தொடவே தொடாது.

இது அமெரிக்கர்களின் பிரச்சினை, நமக்கென்ன என்று இந்திய வாசகர் நினைக்க வேண்டாம். நார்கோ சோதனை என்ற பெயரில் நம் நாட்டில் சந்தேக நபர்களுக்கு ஊசி போட்டுப் பேசவைத்தபோது, அந்த அறையிலும் மருத்துவர்களோடு உளவியலாளர்கள் இருந்தார்கள். சம்மதமின்றி அப்படிச் செய்வது அரசியல் சட்டத்துக்கு எதிரானது என்று செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது 2010 மே மாதம். சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் 1997இல் கையெழுத்திட்ட இந்தியா இன்னும் அதை முறைப்படி ஏற்கவில்லை.

டொராண்டோவில் கைதட்டல் ஒலித்த அன்று குவாண்டனாமோவில் 116 பேர் இருந்தார்கள். அபூ சுபைதா அவர்களில் ஒருவர். அல்கஹ்தானியும் அன்று அங்கேதான் இருந்தார். அவருக்கு நடந்தது சித்திரவதை என்று ராணுவ நீதிமன்றங்களுக்குப் பொறுப்பான அதிகாரியே 2009இல் ஒப்புக்கொண்டார். அவர் மீது வழக்கு நடத்தவும் அந்த அதிகாரி மறுத்திருந்தார். பென்டகன் நியமித்த உளவியலாளர்கள் அன்றும் அந்த முகாமில் பணியில் இருந்தார்கள். சங்கத்தின் புதிய கொள்கையை ஏற்று அவர்களை எப்போது திரும்பப் பெறப்போகிறீர்கள் என்று பென்டகனிடம் சங்கம் எழுத்து மூலம் கேட்க வேண்டியிருந்தது. கிடைக்கும் பதிலை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தன் உறுப்பினர்கள் முன் வைக்கவும் வேண்டியிருந்தது. 2016 மாநாடு டென்வரில் நடந்தது.