குடிநீர்ச் சூரணமும் நம் கடைகளும்

மழை பிடித்தால் காய்ச்சல் வரும். காய்ச்சல் வந்தால் நிலவேம்புப் பொடி கேட்டு வாடிக்கையாளர் வருவார். 2012-இல் டெங்கு பரவியபோது பெருகிய இந்தக் கிராக்கி, 2020-இல் கொரோனாக் காலத்தில் கபசுரக் குடிநீருக்கும் ஏற்பட்டது. புதுக்கோட்டை கீழராஜ வீதியிலும், அறந்தாங்கி, பொன்னமராவதி கடைத்தெருக்களிலும் நாட்டு மருந்துக் கடைகளோடு மளிகைக் கடைகளும் இதை விற்கத் தொடங்கின. வியாபாரம் பெருகுவதில் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் சரக்குகளைத் தாமே வாங்கி, மிளகாய் அரைக்கும் மில்லில் கொடுத்து அரைத்து, கடையின் பெயரில் பாக்கெட் போடும் பழக்கத்தை நாம் ஏற்பதற்கில்லை.

கபசுரக் குடிநீரில் 15 சரக்குகள். சுக்கு, திப்பிலி, இலவங்கம் நமக்குப் பழகியவை. சிறுதேக்கு, வட்டத்திருப்பி, சிறுகாஞ்சொறி ஆகியவற்றின் காய்ந்த வேரைப் பார்த்து இன்னதென்று சொல்ல நம்மில் எத்தனை பேரால் முடியும்? நிலவேம்புக் குடிநீரின் 9 சரக்குகளில் ஒன்றான பற்படாகம் என்ற பெயருக்குத் தமிழ்நாட்டில் ஒரு செடி, கேரளத்தில் வேறு செடி, வடக்கே இன்னொரு செடி.

பெயர்க் குழப்பம் என்ன செய்யும் என்பதற்குப் பெல்ஜியம் சாட்சி. 1990-களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸ் நகரில் உடல் இளைக்க ஒரு சீன மூலிகை கலந்த மருந்து கொடுத்தார்கள். சீனத்தில் 'ஃபாங்ஜி' என்ற பெயர் ஒன்றுக்கு மேற்பட்ட வேர்களுக்கு உண்டு. உரிய வேருக்குப் பதில் நஞ்சுள்ள வேர் சேர்ந்துவிட்டது. நூற்றுக்கு மேற்பட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் பழுதடைந்தது. அந்த நஞ்சு வேரின் இனத்தைச் சேர்ந்தவைதாம் நம் ஊர் ஆடுதின்னாப்பாளையும் ஈசுவரமூலியும். இவையும் நாட்டு மருந்துச் சரக்குகளே.

"வெறும் கஷாயம்தானே" என்று வாதிடுவோர் சட்டத்தையும் அறிய வேண்டும். 1940-ஆம் ஆண்டு மருந்துகள் சட்டப்படி, சித்த மருந்தை விற்கத் தனி உரிமம் தேவையில்லை. விற்பனைக்காகத் தயாரிக்க உரிமம் கட்டாயம். தம்மிடம் வரும் நோயாளிக்குச் செய்து கொடுக்கும் வைத்தியருக்கு விலக்கு உண்டு, கடைக்காரருக்கு இல்லை. நம் கடைக்குரிய 14 இலக்க உணவு உரிம எண்ணைச் சூரணப் பாக்கெட்டில் அச்சிட்டால் அது மருந்து உரிமம் ஆகிவிடாது. "சர்க்கரை நோய் குணமாகும்", "காய்ச்சல் தீரும்" என்று தட்டி எழுதி வைப்பது 1954-ஆம் ஆண்டின் விளம்பரத் தடைச் சட்டத்தில் மாட்டிவிடும்.

வாங்கும்போது தயாரிப்பு உரிம எண், தொகுதி எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, சேர்ந்துள்ள சரக்குகளின் பட்டியல் ஆகியவற்றைப் பார்த்து வாங்குங்கள். குடிநீர்ச் சூரணம் கொரகொரப்பாக இருக்க வேண்டியது. முகப்பவுடர் போல நைசாக இருந்தால் விசாரியுங்கள். எப்படிக் காய்ச்சுவது என்று கேட்போருக்கு, 5 கிராம் பொடியை 240 மி.லி. தண்ணீரில் போட்டு 60 மி.லி.யாக வற்றவிட்டு வடிகட்டி, ஆறவைத்துப் பழையதாக்காமல் குடிக்கச் சொல்லலாம். அதற்கு மேல் வைத்தியம் சொல்வது நம் வேலை அன்று. டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் ஆபத்து தொடங்குவதுண்டு. கர்ப்பிணிக்கோ குழந்தைக்கோ கேட்டால் அரசு மருத்துவமனைக்கு அனுப்புங்கள். ஒரு பாக்கெட் விற்காவிட்டால் கடை முழுகிவிடாது.

தனிச் சரக்கு வியாபாரம் நமக்குத் தடையில்லை. நிலவேம்பு, வெட்டிவேர், கோரைக்கிழங்கு எதுவாயினும் தனித்தனி டப்பாவில் பெயர் எழுதி வைத்து, வைத்தியர் சீட்டுப்படி நிறுத்துக் கொடுக்கலாம். சூரணத்துக்குச் சிறு வியாபாரி அலையத் தேவையில்லை. 1983-இல் தொடங்கிய தமிழக அரசின் டாம்ப்கால் நிறுவனமும், 1944 முதல் சென்னையில் இயங்கும் இம்காப்ஸ் கூட்டுறவுச் சங்கமும் இருக்கின்றன. நம் சங்கம் மொத்தமாகத் தருவித்து உறுப்பினர்களுக்குப் பிரித்துக் கொடுக்க முடியுமா என்பதை, ஐப்பசி மழைக்கு முன்பே செயற்குழு கூடி முடிவு செய்ய வேண்டுகிறோம்.